ஷேர்ஷாவின் ரோத்தாஸ்: காக்கக் கட்டிய கோட்டையைக் காப்பது எவ்வாறு?

பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவு யாதாயிற்று என்று பார்க்குமாறு திருமறை மனிதரைப் பன்முறை அழைக்கிறது. பழைய கட்டடங்களை நாம் காணச் செல்வதன் உண்மைப் பயன் இவ்வழைப்பில் அடங்கியிருக்கிறது. கல்லின் அழகை வியந்து திரும்புவது மட்டும் அதன் நோக்கமன்று. கட்டியவர் என்ன நாடினார், அவர் நாடியது நிறைவேறிற்றா, நிறைவேறாவிடில் எதனால் என்று எண்ணிப் பார்ப்பதே அதன் நோக்கம். அவ்வாறு எண்ணுவதற்குப் பஞ்சாபிலுள்ள ரோத்தாஸ் கோட்டையைப் போல் ஏற்ற இடம் வேறு அரிது.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், ஜீலம் நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், தீனா என்னும் ஊருக்கு அருகே, கஹான் என்னும் சிற்றாறு வளைந்து செல்லும் மேட்டுநிலத்தில் இக்கோட்டை அமைந்துள்ளது. இதன் சுற்றுமதில் 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளுகிறது. 12 வாயில்கள், 68 கொத்தளங்கள். மதிலின் உயரம் இடத்துக்கு இடம் 10 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை வேறுபடும். மிகத் தடித்த இடத்தில் அதன் அகலம் 12 மீட்டருக்கு மேற்பட்டது. மதில் சூழ்ந்த நிலம் சுமார் 70 ஹெக்டேர். அதாவது 170 ஏக்கருக்கும் அதிகம். 1997-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் சேர்த்தால் கோட்டை காப்பாற்றப்பட்டுவிட்டதாகுமா? ஒரு படை காவல் காத்த இடத்தைப் பொதுமக்களின் சொத்தாக மாற்றுவது எவ்வாறு? அங்கே இன்றும் வீடு கட்டி வாழும் மக்களை என்ன செய்வது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், கோட்டை எழுந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கோட்டை எழுந்த காரணம்

சசராமில் ஒரு ஜாகிர்தாரின் மகனாக வளர்ந்த ஃபரீத் என்ற ஆப்கானியரே பின்னாளில் ஷேர்ஷா சூரி எனப் புகழ்பெற்றார். 1539-இல் சௌசா என்னுமிடத்தில் மொகலாய மன்னர் ஹுமாயூனைத் தோற்கடித்த அவர், 1540 மே மாதம் கன்னோசியில் மீண்டும் முறியடித்து, டெல்லியின் அரியணையைக் கைப்பற்றினார். ஹுமாயூன் லாகூருக்கும், பின்னர் சிந்துவுக்கும், இறுதியில் பாரசீகத்துக்கும் ஓட நேர்ந்தது.

ஆட்சியைப் பிடித்தவருக்கு ஒரு கவலை எஞ்சியிருந்தது. ஓடியவர் திரும்பி வந்தால் வடமேற்கு வழியாகத்தான் வரவேண்டும். அவ்வழியில், ஜீலம் ஆற்றுக்கும் சிந்து நதிக்கும் இடைப்பட்ட போத்தோகார் மேட்டுநிலத்தில் கக்கர் என்னும் வீரக் குடியினர் வாழ்ந்தனர். பாபரின் காலந்தொட்டு மொகலாயருக்கு நட்புப் பூண்டிருந்த அவர்கள், புதிய சுல்தானுக்குப் பணிய மறுத்துவிட்டனர். ஆகவே ஒரே கல்லில் இரண்டு காய்களை வீழ்த்த ஷேர்ஷா எண்ணினார். கக்கரை அடக்கவும், ஹுமாயூன் வரும் வழியை அடைக்கவும் ஓர் எல்லைக் கோட்டையை எழுப்ப 1541-இல் கட்டளையிட்டார். முன்னர் பீகாரில் தாம் கைப்பற்றியிருந்த ரோத்தாஸ் மலைக்கோட்டையின் பெயரையே இதற்கும் சூட்டினார். இன்று அவ்விரு ரோத்தாஸ்களும் இரு வேறு நாடுகளில் இருக்கின்றன.

இதே ஷேர்ஷாதான் மற்றொன்றையும் செய்தார். பஞ்சாபில் தாம் கட்டிய கோட்டையிலிருந்து வங்காளத்துச் சோனார்காவ் வரை ஒரு நெடுஞ்சாலையை அமைத்தார் என்று, அவருடைய வரலாற்றை அக்பர் காலத்தில் எழுதிய அப்பாஸ் கான் சர்வானி குறிப்பிடுகிறார். அச்சாலை நெடுகிலும் நிழல் தரும் மரங்களும், இரண்டு குரோச தூரத்துக்கு ஒன்றாகச் சத்திரங்களும் அமைந்தன. ஒவ்வொரு சத்திரத்திலும் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனித் தங்குமிடம், கிணறு, பள்ளிவாசல், அதற்கு இமாம், முஅத்தின் என்று ஏற்பாடுகள் இருந்தன. ஒரே மனிதர், ஒரே ஐந்தாண்டு ஆட்சியில், மக்களை இணைக்க ஒரு சாலையையும் மக்களைத் தடுக்க ஒரு மதிலையும் சேர்த்தே எழுப்பினார். இவற்றுள் எது நிலைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கல்லும் கூலியும்

கோட்டைப் பணியை மேற்பார்க்கும் பொறுப்பு தோடர்மாலிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்பரின் நிதியமைச்சராகப் பிற்காலத்தில் பெயர் பெற்ற அதே தோடர்மால்தாம் இவர். வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும் இடராயிற்று. தம்மை அடக்க எழும் மதிலுக்குத் தாமே கல் சுமக்கக் கக்கர் விரும்புவரா? யாரும் கூலிக்கு வரக்கூடாதென்று அவர்கள் கட்டுப்பாடு செய்துவிட்டனர். சங்கதி சுல்தானுக்கு எட்டியது. பணத்தைப் பாராது வேலையை முடிக்குமாறு அவர் பதில் அனுப்பினார். தோடர்மால் ஒரு கல்லுக்கு ஓர் அஷ்ரஃபிப் பொற்காசு என்று கூலியை அறிவித்தார். கட்டுப்பாடு தளர்ந்தது; மக்கள் திரண்டனர். வேலை சூடுபிடித்ததும் கூலி ஒரு ரூபாயாகக் குறைந்தது. பின்னர் இன்னும் இறங்கியது. பழைய வரலாற்று நூல்கள் கூறும் இச்செய்தி, அரசுகளின் தந்திரத்தையும் ஏழைகளின் நிலையையும் ஒருங்கே காட்டிவிடுகிறது.

கோட்டை முடிவதைக் காண ஷேர்ஷாவுக்கு ஆயுள் இல்லை. 1545 மே மாதம் காலிஞ்சர் முற்றுகையில் வெடிமருந்து தீப்பற்றியதால் அவர் இறந்தார். பணியை அவருடைய மகன் இஸ்லாம் ஷா தொடர்ந்தார். 1607-இல் காபூல் செல்லும் வழியில் இங்குத் தங்கிய ஜஹாங்கீர், கோட்டைக்கான செலவு ஒரு வாயிலில் கல்லிலே பொறிக்கப்பட்டிருந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். 16 கோடியே 10 லட்சம் தாம். ரூபாய்க் கணக்கில் 40 லட்சத்து 25 ஆயிரம். அக்காலத்து ரூபாய், ஷேர்ஷாவே எடை நிறுத்து ஒழுங்குபடுத்திய வெள்ளி நாணயம் என்பதை நினைவிற்கொண்டால் தொகையின் பெருமை விளங்கும்.

மன்னர்களின் பெயர்களை மட்டுமே சொல்லிச் செல்லும் வரலாற்றில், இக்கோட்டை ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயரையும் காத்து வைத்திருக்கிறது. உள்கோட்டையையும் வெளிக்கோட்டையையும் இணைக்கும் வாயிலுக்கு ஷா சாந்த் வலி வாயில் என்று பெயர். அவ்வாயிலைக் கட்டும் வேலையில் ஈடுபட்ட இறைநேசர் ஒருவர், செய்த வேலைக்குக் கூலி பெற மறுத்தார் என்றும், வேலை நடக்கும்போதே மறைந்து அங்கேயே அடக்கமானார் என்றும் அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவரது அடக்கத்தலம் இன்றும் வாயிலருகே உள்ளது. கல்லுக்குப் பொன் கொடுத்த கோட்டையில் கூலியே வேண்டாமென்றவரின் பெயர் ஒரு வாயிலுக்கு வாய்த்ததை என்னென்பது!

கட்டடத் திறன்

போர்க்கோட்டையாயினும் ரோத்தாஸில் கலைக்குக் குறைவில்லை. தென்மேற்கிலுள்ள சொஹைல் வாயில் 20 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. அதன் முகப்பில் சூரியகாந்தி போன்ற மலர் வடிவங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. சொஹைல் என்னும் தென்திசை விண்மீனின் பெயரால் இவ்வாயில் அழைக்கப்படுகிறது என்பர் சிலர். அங்கே அடங்கியுள்ள சொஹைல் புகாரி என்னும் பெரியாரின் பெயரால் என்பர் வேறு சிலர். ஷீஷி வாயில் தன் பளபளக்கும் வண்ண ஓடுகளால் அப்பெயர் பெற்றது. ஷேர்ஷாவின் படைத்தலைவர் கவாஸ் கானின் பெயரை ஒரு வாயில் தாங்குகிறது. மேற்கே நோக்கிய வாயில் காபூலி வாயில். அதனருகே ஷாஹி மஸ்ஜித் என்னும் சிறிய பள்ளிவாசல். இவ்வளவு பெரிய கோட்டைக்கு இவ்வளவு சிறிய பள்ளியா என்று காண்போர் வியப்பர். இது அவசரத்தில் எழுந்த படைவீடு என்பதை அச்சிறுமையே சொல்லிவிடும்.

மதில் படிப்படியான தளங்களாக அமைந்தது. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏறப் படிக்கட்டுகள் உண்டு. உச்சியில் வரிசையாக ஞாயில்கள். அவற்றில் துப்பாக்கி நீட்டத் துளைகள். பீரங்கியும் வெடிமருந்தும் பரவத் தொடங்கிய காலத்துக்கேற்ப மதிலைத் தடித்ததாகக் கட்டினர். முற்றுகைக் காலத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு நேராதிருக்கப் பாறையைக் குடைந்து படிக்கிணறுகள் வெட்டினர். அவற்றுள் பெரியதில் 148 படிகள் கீழே இறங்குகின்றன. துருக்கிய மரபும் இந்திய மரபும் கலந்த இப்பாணி, பின்வந்த மொகலாயக் கட்டடக் கலைக்கு வழிகாட்டியாயிற்று என்று கருதியே யுனெஸ்கோ இதனை ஏற்றது.

கதவு திறந்த நாள்

இத்துணைச் செலவில், இத்துணைத் திறனோடு எழுந்த கோட்டை தன் கடமையைச் செய்ததா?

இல்லை. இஸ்லாம் ஷா மறைந்ததும் சூர் குடும்பத்தினர் அரியணைக்காகத் தமக்குள் மோதினர். அந்நேரம் பார்த்து ஹுமாயூன் சிந்து நதியைக் கடந்தார். ரோத்தாஸின் காவல் தத்தார் கான் என்பவரிடம் இருந்தது. அவர் மதிலின் பலத்தையும் கிணற்றின் நீரையும் நம்பி நிற்கவில்லை. கோட்டையை விட்டு ஓடிவிட்டார். 1555-இல் ஹுமாயூன் முற்றுகையிடாமலே அதனைக் கடந்து லாகூரை அடைந்தார்; அவ்வாண்டிலேயே டெல்லியையும் மீட்டார். அவரைத் தடுக்கவென்றே கட்டிய கோட்டை, கட்டத் தொடங்கிய 14 ஆண்டுகளில் அவருக்கே வழிவிட்டது.

கக்கரை அடக்கும் நோக்கமும் கைகூடவில்லை. அவர்களுடைய தலைவர் சாரங் கான் சூர் படையோடு மோதி உயிர் துறந்தார்; ஆயினும் அக்குடி பணியவில்லை. அவர் தம்பி ஆதம் கான், தம்மிடம் வந்து சேர்ந்த மிர்சா கம்ரானை ஹுமாயூனிடமே ஒப்படைத்து மொகலாய நட்பை உறுதி செய்தார். எல்லையைக் காப்பது மதிலன்று. எல்லையில் வாழும் மக்களின் மனமே. ரோத்தாஸின் முதற்பாடம் இது. மக்களின் மனத்தை வெல்லாத அரசு எத்துணைப் பருத்த மதிலை எழுப்பினும் பயனில்லை. ஷேர்ஷாவின் மதில் தோற்றது. அவருடைய சாலையில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

பின்னர் அக்பர் 1581-இல் சிந்து நதிக்கரையில் அட்டக் கோட்டைக்கு அடிகோலியதும் எல்லை மேற்கே நகர்ந்தது. ரோத்தாஸ் வழித்தங்கல் இடமாயிற்று. அக்பரின் தளபதி ராஜா மான்சிங் மேட்டின் உச்சியில் கட்டிய மாளிகையின் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது. 1825-இல் கக்கர் தலைவர் நூர் கானிடமிருந்து சீக்கியர் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டையை ஒட்டித் தலாக்கி வாயிலுக்கு வெளியே, குரு நானக்கின் நினைவாக எழுந்த சோவா சாஹிப் குருத்வாரா உள்ளது. ஆப்கானியர், கக்கர், மொகலாயர், ராஜபுத்திரர், சீக்கியர் ஆகிய அனைவரின் சுவடும் ஒரே மேட்டில் பதிந்துள்ளன. ஆகவே இதனை ஓர் இனத்தின் வெற்றிச் சின்னமாகக் காட்ட முற்படுவோர் கோட்டையின் கதையையே மறைப்பவராவர்.

மதிலைத் தின்னும் பகைவர்

படைகள் போய்விட்டன. ஆனால் பகை தீரவில்லை. இப்போது மதிலை முற்றுகையிடுவோர் வாளேந்தியவர் அல்லர்.

முதற்பகை நீர். மணற்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய தடித்த மதிலின் மேற்பரப்பு வெடித்தால், மழைநீர் உள்ளே இறங்குகிறது. வெளியேற வழியின்றித் தேங்கிய நீர் சாந்தைக் கரைக்கிறது. உட்பகுதி உப்பி, வெளிக்கற்கள் சரிகின்றன. மதிலின் சில பகுதிகள் ஏற்கெனவே சரிந்துவிட்டன. கோட்டையைக் கட்டியோர் நீர் வடியும் வழிகளை அமைத்தே கட்டினர். அவ்வழிகளைத் தூர்வாரி வைத்தாலே பாதிப்பணி முடிந்ததாகும். செலவு குறைந்த இவ்வேலை, புகழ் தராத வேலையாதலால் எங்குமே புறக்கணிக்கப்படுகிறது.

இரண்டாம் பகை வேர். கற்களின் இடுக்கில் முளைக்கும் ஆலும் அரசும் சிறிய செடியாய் இருக்கும்போதே களையப்படாவிட்டால், பின்னர் மரத்தை வெட்டினால் மதிலும் உடன் வரும்.

மூன்றாம் பகை அறியாமையோடு செய்யும் பழுதுபார்ப்பு. சுண்ணாம்புச் சாந்து காற்றையும் ஈரத்தையும் உள்ளும் புறமும் விடும் இயல்புடையது. சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் கல்லின் வழியே வெளியேற முயலும்; அப்போது அதனோடு வந்த உப்பு கல்லிலே படிந்து இறுகி, கல்லைச் செதிள் செதிளாக உதிர்க்கும். பழுது பார்த்ததாய்த் தோன்றும் இடமே விரைவில் அழியும்.

நான்காம் பகை, வளர்ச்சியென்னும் பெயரால் வரும் அவசரம். இதற்கு லாகூரில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள ஷாலிமார் தோட்டத்தின் நீரூற்றுகளுக்கு நீர் வழங்கிய பழைய தொட்டிகள், நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக 1999-இல் இடிக்கப்பட்டன. அதன் விளைவாக லாகூர்க் கோட்டையும் ஷாலிமார் தோட்டமும் 2000 முதல் 2012 வரை யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இருக்க நேர்ந்தது. அகலப்படுத்திய சாலை எது தெரியுமா? ஷேர்ஷாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அதே நெடுஞ்சாலைதான்!

உள்ளே வாழும் ஊர்

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வினா ஒன்று உண்டு. ரோத்தாஸ் வெறுங்கோட்டையன்று. மதிலுக்குள்ளே ரோத்தாஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. வீடுகளும் தெருக்களும் கடைகளும் கொண்ட அவ்வூரில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். ஊர் வளர வளரப் புதிய வீடுகள் எழுகின்றன. பழைய கற்கள் புதிய சுவர்களுக்குள் புகுகின்றன. கழிவுநீர் மதிலடியை நனைக்கிறது.

இதைக் காணும் அறிஞர் சிலர், ஊரையே வெளியேற்றிவிட வேண்டும் என்பர். கோட்டைக்கு ஆபத்து என்னும் அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சற்று எண்ணிப் பார்ப்போம். அரசுகள் ஒவ்வொன்றும் தேவை தீர்ந்ததும் இக்கோட்டையைக் கைவிட்டன. கைவிடாமல் இருந்தவர்கள் அவ்வூர் மக்களே. ஷா சாந்த் வலியின் பெயர் எந்த அரசாணையாலும் காக்கப்படவில்லை. அம்மக்களின் நாவிலே நின்று காக்கப்பட்டது. அவர்களை அப்புறப்படுத்திவிட்டால் எஞ்சுவது அனுமதிச் சீட்டு விற்கும் ஒரு வெற்றுக் கற்குவியல். மாறாக, எவரும் எதையும் செய்யலாமென விட்டுவிட்டால் சில தலைமுறைகளில் கற்குவியலும் எஞ்சாது.

இவ்விரண்டுக்கும் நடுவே வழி உண்டா? உண்டு. அதனைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரோத்தாஸ் யாரைத் தடுக்க எழுந்ததோ, அந்த ஹுமாயூனின் அடக்கத்தலத்துக்குச் சென்றால் போதும்.

ஹுமாயூன் தரும் பாடம்

டெல்லியிலுள்ள ஹுமாயூன் மக்பரா 1993-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ரோத்தாஸ் 1997-இல் சேர்ந்தது. ஒருவரையொருவர் வாழவிடாத இரு மன்னர்களின் நினைவுகள் ஒரே பட்டியலில் அமைதியாய் அமர்ந்திருக்கின்றன. காலம் செய்யும் சமாதானம் இதுதான் போலும்!

அம்மக்பராவின் கூரைமேல் இருபதாம் நூற்றாண்டில் ஒழுகலைத் தடுக்கவென்று கான்கிரீட்டை அடுக்கடுக்காகக் கொட்டியிருந்தனர். அது கட்டடத்தை நசுக்கியதேயன்றிக் காக்கவில்லை. இந்தியத் தொல்லியல் துறையும் ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையும் 2007-இல் தொடங்கி 2013-இல் நிறைவேற்றிய சீரமைப்பில், பத்து லட்சம் கிலோவுக்கு மேற்பட்ட கான்கிரீட்டைக் கைக்கருவிகளால் பெயர்த்து எடுத்தனர். அதன் இடத்தில் மரபுவழிக் கொத்தர்கள் சுண்ணாம்புத் தளம் இட்டனர். சிமெண்ட் வந்தபின் வேலையிழந்த கைத்திறனுக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

அதனினும் முக்கியமானது அடுத்த செய்தி. மக்பராவுக்கு அருகே ஹஸ்ரத் நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவைச் சூழ்ந்து, நெருக்கமான ஒரு முஸ்லிம் குடியிருப்பு உள்ளது. சீரமைப்பாளர்கள் அம்மக்களைத் தொல்லையாக எண்ணி மதில் எழுப்பவில்லை. அங்குள்ள பள்ளிக்கூடத்தைச் சீர்ப்படுத்தினர்; மருத்துவ வசதியை மேம்படுத்தினர்; பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சி அளித்தனர்; இளைஞர்களைச் சின்னங்களின் வரலாற்றை எடுத்துரைக்கும் வழிகாட்டிகளாக்கினர். 2008-இல் தர்காவின் படிக்கிணற்றுச் சுவரின் ஒரு பகுதி இடிந்தது. சீரமைப்புக்குத் தடையாக அதன்மேல் வீடு கட்டியிருந்த குடும்பங்களுக்கு மாற்று வீடு கொடுத்த பின்னரே பணி தொடர்ந்தது. குடியிருப்போருக்கு நன்மை வந்ததால் அவர்களே காவலராயினர்.

ரோத்தாஸிலும் இதற்கு ஒரு தொடக்கம் இல்லாமலில்லை. 2000-இல் ஹிமாலயன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்னும் தொண்டு நிறுவனம், தொல்லியல் துறையோடு சேர்ந்து, நார்வே நாட்டுத் தூதரகத்தின் உதவியுடன் கோட்டைப் பாதுகாப்புத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. சொஹைல் வாயிலின் உள்ளே ஷேர்ஷாவின் பெயரால் ஒரு காட்சியகம் அமைந்தது. படைவீரர் நின்று காவல் காத்த வாயிலில் இன்று பள்ளிச் சிறுவர் நின்று பழைய காலத்துச் செய்திகளை அறிகின்றனர். எல்லைக் கோட்டை பொதுச் சொத்தாவது இப்படித்தான்.

தொடக்கம் நன்று; எனினும் தொடர்ச்சியே கடினம். வாயிலொன்றைப் புதுக்கித் திறப்புவிழா நடத்துவதோடு வேலை முடியாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் நீர்வழிகளைத் தூர்வார வேண்டும். செடிகளைக் களைய வேண்டும். சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தரைப் பழக்க வேண்டும். கோட்டைக்குள் வாழும் மக்களுக்கு எங்கே வீடு கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், கழிவுநீர் எவ்வழிச் செல்லலாம் என்று தெளிவான விதி வேண்டும். அவ்விதியால் இழப்பவருக்கு ஈடு வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அவ்வூரின் பள்ளிக்கும் சாக்கடைக்கும் செல்ல வேண்டும். தோடர்மால் நமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றுண்டு: தம்மை அடக்க எழும் மதிலுக்குக் கல் சுமக்க மக்கள் மறுத்தனர். இன்றும், தம்மை வெளியேற்ற எழும் திட்டத்துக்கு எந்த மக்களும் தோள் கொடுக்கமாட்டார்கள். அன்று பொன்னைக் காட்டி ஆளைச் சேர்க்க முடிந்தது. இன்று நீதியைக் காட்டினாலன்றிச் சேர்க்க முடியாது.

நமக்கு என்ன உறவு?

எங்கோ பஞ்சாபிலுள்ள கோட்டைக்கும் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் பையிலுள்ள ரூபாய்க்குப் பெயரும் உருவும் தந்தவர் ஷேர்ஷா. நிலத்தை அளந்து, உழவருக்கு அதன் விவரத்தை எழுதிய பட்டா கொடுக்கும் முறையைத் தம் ஆட்சியில் ஒழுங்குபடுத்தியவரும் அவரே. ஐந்தே ஆண்டு ஆண்டவரின் நினைவு இத்துணைத் தொலைவுக்கு எட்டியிருக்கிறது; கோட்டையால் அன்று, நாணயத்தாலும் ஒழுங்காலுமே எட்டியிருக்கிறது.

மற்றோர் உறவும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் ஊர்களில் முன்னோர் கல்லால் எடுத்த பழம்பள்ளிகள் உள்ளன. ஜமாஅத் பெருகும்போது இடம் போதாமை வருவது இயல்பே. தொழுவோருக்கு வசதி செய்ய வேண்டியதும் கடமையே. ஆயினும் இடித்துக் கட்டுவது ஒன்றே வழியென்று முடிவு செய்யுமுன், விரித்துக் கட்ட இயலுமா என்று ஒரு முறை கேட்க வேண்டாமா? கல்தூணுக்குச் சிமெண்ட் பூசுமுன், சுண்ணாம்பு தெரிந்த கொத்தர் ஒருவரைத் தேட வேண்டாமா? டெல்லியில் பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கப் பட்ட பாட்டை, நம் ஊர்களில் ஒரு கூடைச் சாந்து கலக்குமுன்னரே எண்ணிப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

ரோத்தாஸ் தோற்ற கோட்டை. தோற்றது என்பதனாலேயே அதைக் காக்க வேண்டும். வென்ற கோட்டைகள் மன்னரின் பெருமையைச் சொல்லும். தோற்ற கோட்டையோ வலிமையின் எல்லையைச் சொல்லும். பன்னிரண்டு வாயில்களை இரும்பால் அடைத்தும் காக்க முடியாத இடத்தை, அவ்வாயில்களை எல்லோருக்கும் திறந்துவைத்துக் காக்கும் காலம் வந்திருக்கிறது. அதற்கு உரிய முதற்காவலர் சீருடை அணிந்தவர் அல்லர். மதிலின் நிழலில் அடுப்பு மூட்டி, குழந்தை வளர்த்து, கூலி மறுத்த ஒரு வலியின் பெயரை மறவாமல் சொல்லிவரும் அவ்வூர் மக்களே. அவர்களை உடன்வைத்துச் செய்யும் பணியே நிலைக்கும். அல்லாஹ் அவர்களுக்கு நல்ல வாழ்வையும், ஆள்வோருக்கு நல்ல எண்ணத்தையும் தந்தருள்வானாக!